எங்கள் ஏரியை மேலிருந்து பார்த்த ஆறு வருடங்கள்

2019 கோடையில் செம்பரம்பாக்கம் வறண்டு கிடந்தபோதுதான் எங்கள் ஊர் ஏரியின் நிலைமையையும் மேலிருந்து, செயற்கைக்கோள் படத்தில் பார்க்க ஆசைப்பட்டேன். முதலில் நான் திறந்த இணைய வரைபடத்தில் கரையோரப் பனைமரம்கூடத் தெளிவாகத் தெரிந்தது, ஆனால் ஏரி நிறையத் தண்ணீர்! தேதியைப் பார்த்தால் பழைய படம். ‘நேரலையில் பாருங்கள்’ என்ற ஒரு செயலிக்குக் காசு கட்டியும் பார்த்தேன். அதிலும் பழைய படம்தான்.

அப்புறம் கிடைத்தவை சென்டினல்-2 படங்கள். ஐரோப்பாவின் இந்த ஜோடிச் செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை வாக்கில் நம் ஊரைக் கடக்கின்றன. எடுக்கும் படமெல்லாம் இலவசம். இப்போது நான் பயன்படுத்துவது அந்தப் படங்களைக் காட்டும் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளம். பார்க்கக் கணக்கு வேண்டாம், இறக்கிக்கொள்ள மட்டும் பதிவு செய்ய வேண்டும். முழுக் கோப்பு பல நூறு எம்பி இருக்கும், அதனால் திரையில் தெரியும் பகுதியை மட்டும் சேமித்துக்கொள்கிறேன்.

படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது அரை கிரவுண்டுக்கும் சற்றுக் குறைவு. வீட்டைத் தேடினால் ஏமாற்றம்தான். ஏரிக்கும் வயலுக்கும் தாராளமாகப் போதும்.

சாதாரண நிறத்தில் கலங்கல் தண்ணீரும் ஈர மண்ணும் ஒன்றுபோலத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் சிவப்பாகக் காட்டும் ‘ஃபால்ஸ் கலர்’ போட்டால் செடிகொடி சிவப்பாகவும் தண்ணீர் கருமையாகவும் பிரிந்துவிடும். 2022இல் ஒருநாள் ஏரியின் கிழக்கு மூலை முழுக்கச் சிவந்திருந்தது. யாரோ உள்ளே பயிர் வைத்துவிட்டார்கள் என்று பதறி மறுநாளே போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் ஆகாயத்தாமரை, ஊதாப் பூவோடு. கழியை விட்டுப் பார்த்தால் அடியில் இடுப்பளவுத் தண்ணீர். அதிலிருந்து, நேரில் போய்ப் பார்க்காமல் சிவப்பை நம்புவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் படத்தில் மேகம்தான் தெரியும். அப்போது கைகொடுப்பது ஐரோப்பாவின் இன்னொரு செயற்கைக்கோள் வகையான சென்டினல்-1. ரேடார் என்பதால் மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் படம் எடுக்கும். அலையடிக்காத நீர்ப்பரப்பு ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்க விடுவதால் கறுப்பாக விழும். பார்த்துப் பழக எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் மழைக்காலத்தில் ஏரி ஏறுவதைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய காலத்துக்கு அமெரிக்காவின் லேண்ட்சாட். 1972இல் தொடங்கிய செயற்கைக்கோள் வரிசை, படங்கள் 2008 முதல் இலவசம். எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் தேடி 1990 வாக்கில் எடுத்த படம் ஒன்றை எடுத்தேன். 30 மீட்டர் தெளிவுதான். ஆனாலும் ஏரிக்கு மேற்கே வயல்கள் பச்சைப் பசேலென்று தெரிந்தன. இன்றைய படத்தில் அங்கே முழுக்க மனைப்பிரிவு.

இரண்டையும் அச்செடுத்து கிராம சபைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் ஒருவர் பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மேற்கு ஓரத்தில் விரலை வைத்தார். “இந்த வழியாத்தான்பா ஏரிக்குத் தண்ணி வரும்” என்றார்.