மைலேஜ் பிளக் முதல் ரீமேப் வரை: காரில் எது உண்மையில் வேலை செய்கிறது?

வாடகைக் கார் ஓட்டும் தம்பி ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே, சர்வீஸில் ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டில் சிறிய பிளக் ஒன்று பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. "மைலேஜ் 15 பர்சென்ட் ஏறுமாம் அண்ணே. 200 கிலோமீட்டர் ஓட்டினால் நம்ம ஓட்டுற விதத்தை அதுவே கத்துக்குமாம்" என்றார்.

கழற்றி, மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினோம். உள்ளே ஒரு சிப், மூன்று எல்இடி, ஒரு பட்டன், நாலைந்து ரெசிஸ்டர். அந்த சாக்கெட்டில் 16 பின்கள் உண்டு. எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூவின் பேச்சு, கேன் (CAN) எனப்படும் தகவல் கம்பிகள் வழியாக 6, 14ஆம் பின்களில் வரும். அதைப் படிக்க டிரான்ஸீவர் என்ற தகவல் வாங்கி அனுப்பும் சிப் வேண்டும். இந்தப் பலகையில் டிரான்ஸீவரும் இல்லை, அந்த இரண்டு பின்களிலிருந்து சிப்புக்குப் போகும் தடமும் இல்லை. 16ஆம் பின்னில் வரும் 12 வோல்ட்டை எடுத்து விளக்கு எரிப்பது மட்டும்தான் அதன் வேலை. ஒரு நாள் டீசல் செலவை எண்ணி எண்ணி ஓட்டும் மனிதரிடம் இதை விற்றிருக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

எந்தக் கருவியை எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இது எஞ்சினின் காற்றையோ, எரிபொருளையோ, எரியும் நேரத்தையோ எங்கே தொடுகிறது? பிளக் எதையும் தொடவில்லை. எரிபொருள் குழாயில் கட்டும் காந்தமும் அப்படியே, பெட்ரோலின் மூலக்கூறுகளை அது எதுவும் செய்துவிடாது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ இப்படிப்பட்ட 100க்கும் மேற்பட்ட எரிபொருள் சேமிப்புக் கருவிகளை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டுவது எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறது.

தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கி எஞ்சினுக்கு அனுப்பும் எச்எச்ஓ கிட் கொஞ்சம் வேறு ரகம். அது நிஜமாகவே எதையோ உள்ளே அனுப்புகிறது, அதனால் நம்பவும் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வாயு வந்தால் அதில் கிடைப்பது சுமார் 120 வாட். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 90 கிமீ வேகத்தில் எரிக்கும் பெட்ரோல் 50 கிலோவாட்டுக்கு மேல். வரவு கால் சதவீதம்கூட இல்லை. அந்த வாயுவை உண்டாக்கும் கரன்ட்டும் ஆல்டர்னேட்டர் வழியாக அதே பெட்ரோலில் இருந்துதான் வருகிறது. நடுவில் ஆகும் நஷ்டங்களைச் சேர்த்தால் ஒரு ரூபாய் வரவுக்கு ஒன்பது பத்து ரூபாய் செலவு.

பெர்ஃபார்மன்ஸ் ஏர் ஃபில்டர் காற்றை உண்மையாகவே தொடுகிறது. ஆனால் மைலேஜுக்கு உதவாது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009இல் சோதித்தது: இன்ஜெக்‌ஷன் உள்ள புதிய பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தால்கூட மைலேஜ் மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. உள்ளே வரும் காற்றை அளந்துதான் ஈசியூ பெட்ரோலை விடுகிறது. ஆகவே அடைபட்ட பழைய ஃபில்டரை மாற்றினால் வண்டி சுறுசுறுப்பாகும். அதற்குக் கம்பெனி காகித ஃபில்டரே போதும். எண்ணெய் தடவும் பஞ்சு ஃபில்டரில் எண்ணெய் கூடிவிட்டால் காற்றை அளக்கும் சென்சார் கெடவும் வாய்ப்புண்டு.

உண்மையான போட்டி பெடல் பாக்ஸுக்கும், ஈசியூவின் மென்பொருளையே மாற்றி எழுதும் ரீமேப்புக்கும்தான். பெடல் பாக்ஸ் ஆக்சிலரேட்டர் சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்காரும். நீங்கள் 30 சதவீதம் மிதித்தால் 50 என்று சொல்லும். வண்டி துள்ளுவது நன்றாகவே தெரியும். ஆனால் தரையோடு மிதித்தால் 100 என்பது 100தான். கூடுதலாக ஒரு குதிரைத்திறனும் வராது. டிராஃபிக்கில் மந்தமாகத் தோன்றும் காருக்கு வாங்கலாம், பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். பவர் கூடும் என்று விற்றால் அது பொய்.

ரீமேப்பில் பவர் நிஜமாகவே கூடும், டர்போ எஞ்சினாக இருந்தால். பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்), எரிபொருளின் அளவு, டைமிங் எல்லாவற்றையும் அது மாற்றுகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் காரில் செலவழிக்காதீர்கள், அங்கே கூடுதல் காற்றுக்கு வழியே இல்லை. டீசல் காருக்கு விற்கும் டியூனிங் பாக்ஸ் பெரும்பாலும் ரெயில் அழுத்தத்தை, அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் குழாயின் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி, பம்பைக் கூடுதலாக அழுத்த வைக்கிறது. உண்மையான அழுத்தம் என்ன என்பது ஈசியூவுக்கே தெரியாது. எனவே நல்ல ரீமேப் செய்கிறவர் கிடைத்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். முன்னும் பின்னும், ஒரே நாளில், பவரை அளக்கும் ஒரே டைனோ இயந்திரத்தில் எடுத்த ரிப்போர்ட்டைக் கேளுங்கள். வாரண்டி போகும், பழைய கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

சரி, தம்பிக்கு வருவோம். "ஆனால் மைலேஜ் ஏறுச்சே அண்ணே" என்று அவர் கேட்டது நியாயம்தான். ஒரு டேங்க் கணக்கை மட்டும் அவர் பார்த்திருந்தார். 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் போடும்போது, நாசில் முன்னே பின்னே கட்டாகி ஒரு லிட்டர் மாறினாலே 5 சதவீதம் வித்தியாசம் வந்துவிடும். அதோடு, பிளக் மாட்டிய வாரம் அவர் கால் தானாகவே மென்மையாகிவிட்டது. கருவியை மாட்டி நாலைந்து டேங்க், கழற்றி நாலைந்து டேங்க், மறுபடி மாட்டி நாலைந்து டேங்க் என்று ஒரே பங்க்கில் போட்டுப் பார்க்க வேண்டும். மாட்டுவதும் கழற்றுவதும் ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் நடந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் என் பிரஷர் கேஜை எடுத்து டயர்களைப் பார்த்தோம். கதவோரம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ என்று இருந்தது. முன் இடது டயரில் 24. நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் சுமார் 0.2 சதவீதம் மைலேஜ் போகும் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. பெரிய தொகை இல்லைதான், ஆனால் டயரும் ஓரத்தில் தேய்ந்திருந்தது. அவர் குனிந்து அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பிளக்கை டேஷ்போர்டு டிராயரில் போட்டுவிட்டு, காற்றடிக்க பங்க்குக்குக் கிளம்பினார்.