எடைமேடையை எங்கே வைப்பது? நாடுகளின் குப்பைக் கணக்கு முறைகள், ஒரு ஒப்பீடு

2019-இல் ஜெர்மனி தன் நகரக் குப்பையில் 67 சதவீதத்தை மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்டியது. அதே ஆண்டு சிங்கப்பூர் காட்டியது 59. அமெரிக்காவின் 2018 கணக்கு 32. ஜப்பான் 20 சதவீதத்தை ஒட்டி. இந்த நாலு எண்ணையும் ஒரே பட்டியலில் அடுக்கி வைத்து, அவ்வளவு ஒழுங்கான ஜப்பான் ஏன் கடைசியில் நிற்கிறது என்று ஆச்சரியப்படும் பதிவுகள் அவ்வப்போது சுற்றுக்கு வரும். காரணம் ஜப்பானின் ஒழுங்கில் இல்லை. எதைக் குப்பை என்று சேர்ப்பது, எந்த இடத்தில் எடை போடுவது, எதால் வகுப்பது என்ற மூன்றிலும் ஆளுக்கொரு வழியில் போயிருக்கிறார்கள். அந்த வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஐரோப்பாவின் பழைய முறையும் புதிய முறையும்

2020-க்குள் 50 சதவீதம் மறுசுழற்சி என்று இலக்கு வைத்த ஐரோப்பிய ஒன்றியம், அதைக் கணக்கிட நான்கு சூத்திரங்களை 2011-இல் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உறுப்பு நாடுகளிடமே விட்டுவிட்டது. முதல் சூத்திரத்தில் வீடுகளிலிருந்து வரும் காகிதம், உலோகம், பிளாஸ்டிக், கண்ணாடி நாலும் மட்டும்தான் கணக்கு. நான்காவதில் நகரக் குப்பை மொத்தமும் உள்ளே வரும். ஒரே ஊர், ஒரே லாரி, ஒரே குப்பை, ஆனால் சூத்திரத்தை மாற்றினால் விடை மாறும். பரீட்சைத் தாளை மாணவனே தேர்ந்தெடுக்கிற மாதிரி.

அதைவிடப் பெரிய ஓட்டை எடை போடும் இடத்தில் இருந்தது. மறுசுழற்சிக்காகத் தனியே சேகரித்ததை அப்படியே மறுசுழற்சி ஆனதாக எழுதிக்கொள்ள நிறைய இடம் இருந்தது. பிளாஸ்டிக் பாட்டில்களை அழுத்திக் கட்டிய ஒரு பொதியை நினைத்துப் பாருங்கள். அதில் மூடி இருக்கும், ஒட்டிய லேபிள் இருக்கும், அடியில் மிச்சமிருக்கும் குளிர்பானம், மழை ஈரம், யாரோ தவறிப் போட்ட டயப்பர் கூட இருக்கும். பிரிக்கும் நிலையத்தின் வாசலில் எடை போட்டால் இத்தனையும் மறுசுழற்சி. கழுவி, பிரித்து, வேண்டாததை எரிஉலைக்கு அனுப்பிவிட்டு மிஞ்சியதை எடை போட்டால் எண் கீழே இறங்கிவிடும்.

2018-இல் சட்டத்தைத் திருத்தி, 2019-இல் விதிமுறை எழுதி இதைத்தான் மாற்றினார்கள். இப்போது காகிதம் கூழாக்கும் தொட்டிக்குப் போகிற இடத்தில் அளக்க வேண்டும், கண்ணாடி உலைக்குள் போகிற இடத்தில், உலோகம் உருக்காலைக்குள் போகிற இடத்தில். பிளாஸ்டிக் வகைவகையாகப் பிரிக்கப்பட்டு, உருக்கிக் குருணையாக்கும் எந்திரத்துக்குள் போகும்போதுதான் கணக்கில் ஏறும். கலந்து வந்த குப்பையைப் பிசைந்து உரம் என்று காட்டுகிற வேலையும் 2027 முதல் செல்லாது. மக்கும் குப்பையை மூலத்திலேயே பிரித்திருக்க வேண்டும். இலக்குகளும் ஏறியிருக்கின்றன: 2025-க்கு 55, 2030-க்கு 60, 2035-க்கு 65. கம்பத்தை உயர்த்திவிட்டு அளவுகோலையும் கடுமையாக்கினால், பல நாடுகளின் எண் இனிமேல் தடுமாறுவதில் வியப்பில்லை.

என் பார்வையில் இருக்கிற முறைகளில் ஏமாற்றக் கடினமானது இதுதான். ஆனால் நடைமுறையில் தலைவலி. ஒரு காகித ஆலைக்கு மூன்று நாடுகளின் பொதிகள் வந்தால் எவ்வளவு கழிவு எந்த நாட்டுப் பொதியில் இருந்தது என்று யார் பிரித்துச் சொல்வது? அதனால் சராசரி இழப்பு விகிதம் ஒன்றை வைத்துக் கழித்துக்கொள்ள அனுமதி உண்டு. ஒன்றியத்துக்கு வெளியே கப்பலில் போன சரக்கு அங்கே ஒழுங்காகத்தான் பதப்படுத்தப்பட்டது என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கண்ணாடி, காகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் கடைசி ஆலை வரை ரசீது தொடர வேண்டும் என்றால் அதற்கு ஆளும் மென்பொருளும் வேண்டும், அது எல்லா நாட்டிலும் இல்லை.

அமெரிக்கா: எடையே போடாமல்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழி முற்றிலும் வேறு. நாட்டில் எவ்வளவு பொருள் உற்பத்தியானது, எவ்வளவு இறக்குமதி, ஒரு பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதை எல்லாம் வைத்து எவ்வளவு குப்பையாகியிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். 2018-இல் 29.24 கோடி டன், மறுசுழற்சியும் உரமாக்கலும் சேர்த்து 32.1 சதவீதம். இங்கே டன் என்றால் 2,000 பவுண்ட், அதாவது சுமார் 907 கிலோ. மெட்ரிக் டன்னோடு நேராக ஒப்பிட்டுவிட்டு யாரும் கவனிக்காமல் போவது சாதாரணமாக நடக்கும்.

எடைமேடைகளே இல்லாத நாட்டுக்கு இது கைகொடுக்கும் உத்திதான். ஆனால் எடைமேடை இருக்கிற நாட்டில் வைத்துச் சரிபார்த்தபோது என்ன ஆயிற்று? குப்பைமேட்டிலிருந்து கிளம்பும் பசுமை இல்ல வாயுவைக் கண்காணிக்க, பெரிய குப்பைமேடுகள் தாங்களே அறிக்கை தர வேண்டும் என்ற விதி வந்த பிறகு, அந்த எண்களை வைத்து 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. 2012-இல் குப்பைமேட்டுக்குப் போனது 26.2 கோடி மெட்ரிக் டன் என்றது அது. முகமையின் மதிப்பீடு 12.2 கோடி. பாதி கூட இல்லை. எண் பிறந்த விதம் தெரியாமல் 32 சதவீதத்தை ஜெர்மனியின் 67-க்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

சிங்கப்பூரும் ஜப்பானும்

இரண்டுமே இடநெருக்கடி உள்ள நாடுகள், இரண்டுமே எரிக்க முடிந்த குப்பையைப் பெரும்பாலும் எரித்துவிட்டுச் சாம்பலைப் புதைக்கின்றன. சிங்கப்பூருக்கு மிச்சமிருப்பது செமாக்காவ் தீவுக் குப்பைமேடு ஒன்றுதான், அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசின் கணிப்பு. ஆனால் கணக்கு எழுதுவதில் இரண்டும் எதிரெதிர் துருவம்.

சிங்கப்பூரின் 59 சதவீதத்துக்குள் இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டும் இரும்பும் இருக்கின்றன. இவை இரண்டும் கிட்டத்தட்ட முழுவதுமாக மறுசுழற்சியாகும், எடையும் அதிகம், ஆகவே சராசரியைத் தூக்கிவிடும். ஐரோப்பாவின் நகரக் குப்பைக் கணக்கிலோ அமெரிக்காவின் கணக்கிலோ கட்டட இடிபாடு வராது. அதே 2019-இல் சிங்கப்பூரின் வீட்டுக் குப்பையை மட்டும் தனியே பார்த்தால் 17 சதவீதம், பிளாஸ்டிக்கை மட்டும் பார்த்தால் 4. அரசு இந்தப் பிரிவுகளையும் மறைக்காமல் வெளியிடுகிறது, அதைப் பாராட்ட வேண்டும். தலைப்புச் செய்தியில் ஏறுவது என்னவோ பெரிய எண்தான்.

ஜப்பான் இதற்கு நேர்மாறு. நகராட்சியின் கைக்கு வந்ததும் அக்கம்பக்கக் குழுக்கள் சேர்த்துக் கொடுத்ததும்தான் அந்த 20 சதவீதத்தில் வரும். கடைவாசலில் மக்கள் திருப்பிப் போடுகிற பாட்டில், உணவுத்தட்டு எல்லாம் தனியார் வழியாகப் போய்விடுவதால் கணக்கிலேயே இல்லை. எரித்து மின்சாரம் எடுத்தாலும் மறுசுழற்சி என்று எழுதுவதில்லை. சரி, இவ்வளவு கறாராக இருக்கிறார்களே என்று பிளாஸ்டிக் பக்கம் போனால் அங்கே வேறு கதை: 2020-இல் பிளாஸ்டிக் கழிவில் 86 சதவீதம் பயனுள்ள விதத்தில் பயன்பட்டதாக அந்நாட்டுத் தொழில்துறை சொல்கிறது. அதில் 62 எரித்து வெப்பம் எடுத்தது! பொருளாகத் திரும்பி வந்தது 21-ஐ ஒட்டித்தான்.

இந்தியா: இடைவெளி தெரிகிற பட்டியல்

இந்தியாவில் உள்ளாட்சிகள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்ல, அது மத்திய வாரியத்துக்குப் போகும். 2020-21 அறிக்கையின்படி ஒரு நாளைக்கு உண்டாவது 1,60,038.9 டன், சேகரித்தது 1,52,749.5, பதப்படுத்தியது 79,956.3, குப்பைமேட்டுக்குப் போனது 29,427.2. கழித்துப் பார்த்தால் 50,655.4 டன்னுக்குக் கணக்கில்லை. உண்டானதில் 31.7 சதவீதம்.

அந்த ஒரு புள்ளி தசமத்தைப் பார்த்துச் சிரிப்பு வருவது நியாயம்தான். எடைமேடை இல்லாத ஊரில் லாரி எத்தனை நடை போனது என்பதை ஒரு லாரிக்கு இத்தனை டன் என்ற உத்தேசத்தால் பெருக்கித்தான் எழுத முடியும், அதில் தசமம் எங்கிருந்து வரும்? கிராமங்கள் உள்ளே இல்லை. மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு நாளொன்றுக்கு 116 கிராம் சொச்சம் வரும், நகரவாசிகளால் மட்டும் வகுத்தால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். காயலான் கடைக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போகிற சரக்கு, நாடு முழுக்க உண்மையில் மறுசுழற்சியை நடத்திக்கொண்டிருக்கிற அந்தச் சங்கிலி, ஒரு வரியிலும் இல்லை. தெருமுனையில் கொளுத்தப்படுகிற குப்பையும் கணக்கில் இல்லை. 2024-இல் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் பிளாஸ்டிக் மாசில் இந்தியா முதலிடம், ஆண்டுக்கு 93 லட்சம் டன் என்று எழுதியபோது, அரசுக் கணக்கில் இவை விடுபட்டிருப்பதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். 95 சதவீதம் சேகரிக்கிறோம் என்கிற நாட்டில் இத்தனை எப்படி வெளியே கிடக்கிறது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை ஓட்டைக்கு நடுவிலும், கணக்கில் வராதது என்று ஒரு தொகையை வெளிப்படையாகக் காட்டுகிற பட்டியல் இது. ஒற்றைச் சதவீதத்தை மட்டும் நீட்டுகிற நாடுகளின் அறிக்கையில் காணாமல் போனது காணாமலே போய்விடும்.

ஐநா வாழ்விட அமைப்பின் வழி

2021-இல் ஐநா வாழ்விட அமைப்பு (UN-Habitat) வெளியிட்ட கணக்கெடுப்பு வழிமுறை, கேள்வியையே மாற்றுகிறது: எவ்வளவு மறுசுழற்சி என்பது பிறகு, முதலில் உண்டான குப்பையில் எவ்வளவு கட்டுப்பாடுள்ள ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது? நகராட்சியின் பதிவேட்டை நம்பாமல் வீடுகளிலிருந்தே தொடங்குகிறார்கள். வசதியான, நடுத்தர, ஏழைப் பகுதிகளிலிருந்து மொத்தம் 90 வீடுகள். ஒரு வார எடை. முதல் நாள் பையைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அதில் பழைய நாட்களின் குப்பையும் சேர்ந்திருக்கும். அப்புறம் பழைய பொருள் வியாபாரிகளிடம் போய் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்கிறார்கள், அதாவது காயலான் கடை கணக்குக்குள் வருகிறது. குப்பைமேட்டையும் இருக்கிறதா இல்லையா என்று கேட்காமல், கட்டுப்பாடே இல்லாதது முதல் முழுக் கட்டுப்பாடு வரை ஐந்து படிகளில் வைக்கிறார்கள். நடுப்படியாவது எட்டினால்தான் ‘கட்டுப்பாடுள்ள இடம்’.

இதிலும் குறை உண்டு. ஒரு வாரம் என்பது ஒரு வாரம்தான். அது தீபாவளி வாரமா, சாதாரண வாரமா என்பதைப் பொறுத்து எண் ஆடும். ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தைப் பார்க்கவேண்டுமென்றால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், நகரம் நகரமாகச் செய்ததை நாட்டுக்கு விரித்துச் சொல்வதும் எளிதல்ல. ஆனாலும் இந்தியா, இலங்கை மாதிரி நாடுகளுக்கு உலைக்குள் போகிற இடத்தில் அளக்கும் ஐரோப்பாவின் முறையை இப்போதே இறக்குமதி செய்வதைவிட இதையே தேர்ந்தெடுப்பேன். கடைசி ஆலை வரை ரசீதைத் துரத்துவதற்கு முன்னால், தெருவில் உண்டாவது எத்தனை கிலோ என்பதே தெரிய வேண்டும். 90 வீட்டு எடையை நகராட்சி எழுதித் தருகிற டன்னோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மத்திய வாரியத்தின் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேர்த்தால் போதும், பெரிய செலவில்லை.