சிவனொளிபாதமலை: நல்லதண்ணி வழியா, இரத்தினபுரி வழியா?

இலங்கையில் 2,243 மீட்டர் உயரமுள்ள இம்மலையில் வழிகாட்டியின்றி ஒரே நாளில் ஏறி இறங்க விரும்புவோர் தயங்குவது பாதையைத் தேர்வதில்தான்.

தொலைவு: நல்லதண்ணிப் பாதை குறுகியது, ஆனால் அதன் 5,000-க்கும் மேற்பட்ட படிகள் உச்சியை நெருங்க நெருங்கச் செங்குத்தாகி, இறங்கும்போது முழங்காலைப் பதம் பார்த்துவிடும். இரத்தினபுரிப் பக்கப் பாதை மிகத் தாழ்விலிருந்து தொடங்குவதால், ஏறுவதற்கு மட்டுமே ஏறத்தாழ இருமடங்கு நேரம் வேண்டும்.

வசதி: டிசம்பர் முதல் மே வரையிலான யாத்திரைக் காலத்தில் நல்லதண்ணிப் பாதையில் இரவெல்லாம் விளக்கொளியும் தேநீர்க் கடைகளும் உண்டு. இப்பாதைக்குச் செல்ல, அட்டன் நகர் வரை ரயிலிலேயே வந்துவிடலாம். இரத்தினபுரிப் பக்கம் ஈரக்காடு. காலுறையின் மடிப்புக்குள் அட்டை ஊர்ந்திருப்பது இரத்தம் கசிந்த பிறகே தெரியும்.

முதன்முறை ஏறுவோருக்கும் சூரியோதயம் காண விழைவோருக்கும் நல்லதண்ணியே ஏற்றது. மலையேறிப் பழகி, காட்டின் அமைதியை நாடுவோர் இரத்தினபுரி வழியாக ஏறி நல்லதண்ணியில் இறங்கலாம். அதுவே என் விருப்பம்.