மெழுகு வண்ணக்குச்சியா, கல் துண்டுகளா: பாறைச் சுழற்சியை எதிலிருந்து தொடங்குவது?

படிவுப்பாறை, உருமாறிய பாறை, தீப்பாறை என்னும் மூவகைப் பாறைகளும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருப்பதே பாறைச் சுழற்சி. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கையால் செய்து பார்த்துப் புரியவைக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. மெழுகு வண்ணக்குச்சிகளைச் சீவி, அழுத்தி, உருக்கிப் பார்ப்பது ஒன்று. உண்மையான கற்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுவது மற்றொன்று. சாக்லேட்டைக் கொண்டு செய்வதும் முதல் வழியின் இனிப்பான வடிவமே என்பதால் அதைத் தனியே பேச வேண்டியதில்லை.

மெழுகின் பலம், மாற்றத்தைக் கண்ணெதிரே காட்டுவது. நான்கைந்து நிறக் குச்சிகளைச் சீவி, அடுக்கடுக்காகத் தூவி, அலுமினியத் தாளில் மடித்துக் கனமான புத்தகங்களின் அடியில் அழுத்தினால் படிவுப்பாறை. அதையே வெந்நீரில் இளக்கி மீண்டும் அழுத்தினால் உருமாறிய பாறை. முழுவதும் உருக்கி ஆறவிட்டால் தீப்பாறை. மூன்றையும் உடைத்துப் பார்த்தால், முதலாவதில் சீவல்கள் உதிரும். இரண்டாவதில் நிறங்கள் நசுங்கி வளைந்து இறுகியிருக்கும். மூன்றாவதில் அடுக்கே இராது, எல்லாம் கலங்கிப் பழுப்பாகியிருக்கும்.

சிக்கல் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்தான் இருக்கிறது. என் வகுப்பில் ஒருமுறை வெந்நீரின் சூடு சற்றுக் கூடிவிட, பாதிக் குழுக்களின் மெழுகு உருகிப்போயிற்று. "உருகியதால் உருமாறியது" என்று பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். பாறை உருகாமல், திடநிலையில் இருந்தபடியே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறுவதுதான் உருமாற்றம். உருகிவிட்டால் அது பாறைக்குழம்பு, ஆறினால் தீப்பாறை. இந்தப் பிழை ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால் அதைக் களைய நாளாகிறது. தவிர, சீவல், அழுத்தம், சூடு, உருகல் என்ற வரிசையில் செய்வதால், சுழற்சி ஒரே திசையில் ஓடுவது போன்ற எண்ணமும் வந்துவிடுகிறது. உண்மையில் தீப்பாறை நேரடியாகவே உருமாறலாம். உருமாறிய பாறையும் தேய்ந்து மணலாகிப் படியலாம்.

கற்களுக்கு ஆகும் செலவு இன்னும் குறைவு. கல் அறுக்கும் பட்டறையில் கேட்டால் கிரானைட், கடப்பாக் கல், மார்பிள் ஆகியவற்றின் கழிவுத் துண்டுகளைத் தந்துவிடுவார்கள். ஆனால் கடைப்பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது. கறுப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி டோலரைட் போன்ற வேறு தீப்பாறைகள். பட்டை பட்டையாக நிறம் ஓடும் 'கிரானைட்' பெரும்பாலும் நைஸ் என்னும் உருமாறிய பாறை. புள்ளி புள்ளியாக இருக்கும் சாம்பல் அல்லது இளஞ்சிவப்புத் துண்டே கிரானைட்டுக்குப் பொருத்தமானது. மார்பிளும் இயற்கைக் கல்தானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

துண்டுகளை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின் மேல் இரண்டு சொட்டு வினிகர் விடச் சொல்ல வேண்டும். கிரானைட் சும்மா இருக்கும். கடப்பாக் கல் பொடியில் சின்னச் சின்னக் குமிழிகள் எழும், மார்பிளிலும் எழும். (மார்பிள் டோலமைட் வகையாக இருந்தால் மிக மெதுவாகத்தான் எழும்.) "கறுப்பும் வெள்ளையுமா இருக்கு, ரெண்டும் ஒண்ணா டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கடப்பாக் கல் ஒரு சுண்ணாம்புப் பாறை. அவ்வகைப் பாறை பூமிக்குள் உருமாறினால் கிடைப்பது மார்பிள் என்று நான் சொன்னபோது, அது அவள் கேள்விக்கான விடையாகவே போய்ச் சேர்ந்தது. அவள் வீட்டுச் சமையல் மேடையும் கடப்பாக் கல்தான்.

கற்களின் குறை, அவை மாறுவதைப் பார்க்க முடியாது என்பதே. அதனால் மெழுகை ஒதுக்க நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதல் நாள் கல், அடுத்த நாள் மெழுகு. ஒரே ஒரு பாடவேளைதான் உண்டு என்றால் கல் மட்டும் போதும். மெழுகைச் செய்யும் நாளில், உருமாற்றத்துக்கான வெந்நீர் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டாமல் ஆசிரியரே தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.