கொழும்பு அரச ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்: சேவை எப்படி?

மருந்து இலவசம், அது பெரிய விஷயம். குறை வேறு இடத்தில்: வரிசை வாசல்வரை நீளும், பாதி ஜன்னலில் ஆளிருக்காது.

உள்ளே வேலை இப்படித்தான். நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் 500 மில்லிகிராம், காலை மாலை ஒவ்வொன்று, 30 நாளுக்கு 60. மருந்தாளர் தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, கடதாசி உறையில் போட்டு, வேளையை எழுதி நீட்டுகிறார். மருந்து எழுதிய கிளினிக் கொப்பியில் ஆறு மருந்திருந்தால் ஆறு தடவை. விளக்கிச் சொல்ல நேரமேது? வாத நோய்க்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒருநாள் மட்டுமே. அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால், தினமும் விழுங்கி உயிராபத்தில் முடியலாம். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினுக்கும் விளக்கம் வேண்டும்; 1, 3, 5 மில்லிகிராம் மாத்திரைகளை மாற்றி அளவு கூடினால் இரத்தக் கசிவு வரலாம்.

இதற்கென்றே படித்துவந்த மருந்தாளர் நாள் முழுக்க நின்று எண்ணினால் மனம் சலிக்காதா? 2022 பொருளாதார நெருக்கடியில் வந்த மருந்துத் தட்டுப்பாட்டில் இல்லாத மருந்துக்கும் சனத்திடம் ஏச்சு வாங்கியது இவர்கள்தான். தனியார் பக்கமோ வெளிநாடோ போகிறவரைக் குறை சொல்ல முடியாது. போனவரின் வரிசையும் இருப்பவர் தலையில்தான். சம்பளம் கூட்டினால் மட்டும் இது தீராது. எண்ணும் வேலையை உதவியாளருக்கோ முன்பே எண்ணிக் கட்டிய 30 நாள் பொதிக்கோ மாற்றி, ஆலோசனைக்கென ஒரு ஜன்னல் ஒதுக்கினாலே பாதிச் சுமை இறங்கும்.

மருந்து எடுக்கப் போகிறவர்கள் ஜன்னலிலேயே உறைகளைக் கொப்பியோடு ஒப்பிடுங்கள். இன்சுலின் என்றால் குளிர்ப்பை கொண்டுபோங்கள்.