கொழும்புத் தொடர்மாடி வீட்டுக்கு எந்தக் கெக்கோ?

கெக்கோ என்ற பல்லி வகையை வளர்க்க வாங்க நினைப்பவர்கள் நிறத்தையும் விலையையும்தான் முதலில் பார்க்கிறார்கள். கொழும்பில் இருப்பவர்கள் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இரவு வெப்பத்தை. நடுச்சாமத்திலும் வீட்டுக்குள் 26, 27 பாகைக்குக் கீழே இறங்காத மாதங்கள் இங்கே உண்டு. ஈரப்பதம் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல். வெல்வெட், லெப்பர்ட், கிரெஸ்டட் என்ற மூன்று வகைகளையும் இந்தப் புழுக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கிரெஸ்டட் கெக்கோவை முதலிலேயே தள்ளிவிடலாம். நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்தது. அழிந்துவிட்டது என்று நம்பப்பட்டு 1994இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. பழக்கூழ் மாவைக் கரைத்து வைத்தாலே சாப்பிடும், பூச்சித் தொல்லை குறைவு. ஆனால் அதற்கு 22 முதல் 26 பாகை வேண்டும். 28ஐத் தாண்டிய வெப்பம் நீடித்தால் வாடிப்போகும். பகலிரவாக ஏசி போட்டு வைக்கிறேன் என்பவர்கள், 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததை நினைத்துப் பார்க்கட்டும். குளிரான மலைநாட்டு நுவரெலியாவில் வீடு என்றால் பேச்சு வேறு.

லெப்பர்ட் கெக்கோவுக்கு வெப்பம் பிரச்சினையே இல்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட கல்நிலம் அதன் ஊர். இடைஞ்சல் ஈரம்தான். காற்றோட்டமில்லாத கண்ணாடிப் பெட்டியில், மழை மாதங்களில், தோலிலும் நுரையீரலிலும் நோய் வர வாய்ப்பு அதிகம். மூடி முழுக்க வலையாக இருக்க வேண்டும், அடியில் ஈரம் தங்கவே கூடாது.

அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த வெல்வெட் கெக்கோவில் பல இனங்கள் உண்டு; எதைச் சொல்கிறோம் என்பது முக்கியம். சிட்னிப் பக்கம் மணற்பாறைப் பலகைகளுக்கு அடியில் வாழும் லெசூயர் வகை குளிர்காலம் கண்டு பழகியது, அதை நான் இங்கே சிபாரிசு செய்யமாட்டேன். குயின்ஸ்லாந்தின் வடபகுதிக் காடுகளில் மரப்பட்டை இடுக்கில் பதுங்கும் வடக்கு வெல்வெட் அப்படியல்ல. அந்த ஊரிலும் பாதி வருஷம் வெக்கையான மழைக்காலம், பாதி வருஷம் வறட்சி. பெட்டிக்குள் 26 முதல் 28 பாகை, ஒரு மூலை மட்டும் 30ஐத் தாண்டினால் போதும்; கொழும்பில் பெரும்பாலான நாட்களில் சூடேற்றியே தேவைப்படாது. இதற்கும் வலைமூடி வேண்டும், ஆனால் லெப்பர்ட் அளவுக்கு ஈரத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. சிறிய, ஒரே சீரான செதில்கள் என்பதால் தோல் உண்மையிலேயே வெல்வெட் துணிபோல இருக்கும். கொழுப்பைச் சேர்த்து வைக்கும் தடித்த வால், குட்டியில் பளிச்சென்ற பட்டைகள். அழகில் என் ஓட்டு இதற்குத்தான்.

கையில் எடுத்துப் பழக லெப்பர்ட்தான் நல்லது. அதன் பாதத்தில் ஒட்டும் திண்டு இல்லை, கண்ணாடியில் ஏறாது. வெல்வெட் ஏறும், மூடியைத் திறந்த நொடியில் சுவருக்குத் தாவி அலுமாரிக்குப் பின்னால் போய்விடலாம். வாலைப் பிடித்தால் கழற்றிவிடும், பிறகு முளைக்கும். (கிரெஸ்டட்டுக்கு அது முளைக்கவே முளைக்காது.) எட்டு வயதுப் பிள்ளைக்கு லெப்பர்ட், உட்கார்ந்து பார்த்து ரசிக்கும் பெரியவருக்கு வெல்வெட் என்பேன். சாப்பாட்டில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை: சில்வண்டு, கரப்பொத்தான், மேலே கல்சியத் தூள். வீட்டில் மருந்தடித்துச் செத்த கரப்பொத்தானைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், விஷம். அப்புறம், பத்து வருஷத்துக்கு மேல் வாழக்கூடிய உயிர் இது. பிள்ளை படிக்க வெளிநாடு போனால் யார் பார்ப்பது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விடக் கனமான விஷயம், அது எங்கிருந்து வருகிறது என்பது. உயிருள்ள நாட்டு ஊர்வனவற்றை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய அவுஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. இலங்கைக்குள் கொண்டுவர வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அந்தக் கடதாசியைக் காட்ட முடியாத விற்பனையாளரிடம் வெல்வெட்டும் வேண்டாம், லெப்பர்ட்டும் வேண்டாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

“அப்படியென்றால் நம்ம நாட்டு ஓணானைப் பிடிக்கலாமே” என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. நம் காடுகளின் கொம்போணான்கள் கடத்தலால் அடிபட்டவை. 2019இல் இலங்கை கேட்டு, அவற்றைச் சர்வதேச வணிகத்திலிருந்து காக்கும் பட்டியலில் சேர்த்தார்கள். கொழும்பில் நடக்கவிருந்து, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலால் ஜெனீவாவுக்கு மாறிய, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகளின் மாநாட்டில்தான் அது முடிவானது.

கடதாசியோடு ஒன்றும் கிடைக்காவிட்டால், பல்கனி லைட்டை மாலையில் ஒரு மணிநேரம் போட்டு வையுங்கள். பூச்சிக்கு வரும் வீட்டுப் பல்லியும் கெக்கோதான். ஒட்டும் பாதம், இமையில்லாக் கண், அதை நாக்கால் நக்கித் துடைக்கும் பழக்கம் எல்லாம் வெல்வெட்டிடம் இருப்பவையே. வெல்வெட்டின் முட்டை மென்மையான தோல் உள்ளது, இதன் முட்டை ஓடு கடினம். படத்துக்குப் பின்னால் இரண்டு வெள்ளை முட்டை தெரிந்தால் சுரண்டி எறியாமல் விட்டு வையுங்கள்; பிள்ளைக்குக் குஞ்சு பார்க்கக் கிடைக்கும்.