உதையைக் குறைப்பதில் மசில் பிரேக்தான் கெட்டி, இருந்தாலும் வாங்காதீர்கள்

2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சப்ரஸருக்கான 200 டாலர் வரி பூஜ்யமாகிவிட்டது. படிவம், கைரேகை, அனுமதி எல்லாம் அப்படியேதான், பணம் மட்டும் கட்ட வேண்டாம். அதிலிருந்து இங்கே டெக்ஸாஸில் என்னோடு வேட்டைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: உதை (சுட்டதும் துப்பாக்கி தோளில் இடிப்பது) குறையணும், மசில் பிரேக் (குழல் முனையில் மாட்டி வாயுவைத் திருப்பிவிடும் துண்டு) போதுமா, சப்ரஸரே வாங்கிடலாமா? ஒவ்வொரு சுடலுக்கும் கையால் தோட்டா ஏற்றுகிற ஒரே .308 அளவு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பல சீசன் சுட்டிருக்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

உதை மட்டும்தான் கேள்வி என்றால் பிரேக்தான், வாதமே கிடையாது. 168 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டு நொடிக்கு 2,650 அடி வேகத்தில் போகிறது. அதன் பின்னாலேயே நாற்பது கிரெய்னுக்குக் கொஞ்சம் மேலே வெடிமருந்து எரிந்த வாயு, குண்டைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான வேகத்தில் பீறிடுகிறது. கணக்குப் போட்டால் தோளுக்கு வரும் உந்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவால் வருவது. குண்டின் பங்கில் யாரும் கை வைக்க முடியாது, வாயுவின் பங்கில் வைக்கலாம். பிரேக் அதைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகிறது, திரும்புகிற வாயு பிரேக்கின் தடுப்புகளை முட்டி ரைஃபிளை முன்னால் இழுக்கிறது. உந்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே உதையின் ஆற்றல் பாதிக்குக் கீழே வந்துவிடும், ஏனென்றால் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தில் ஏறி இறங்குவது. விளம்பரத்தில் போடும் "50 சதவீதம்" இந்தக் கணக்குதான், பொய்யில்லை. .300 வின்செஸ்டர் மேக்னம் மாதிரி மருந்து அதிகம் கொள்ளும் தோட்டாவில் பலன் இன்னும் கூடும்.

பிரேக் போட்டுச் சுடும்போது குழல் முனை எகிறாது. இரும்புத் தகட்டில் குண்டு பட்டதும் சாம்பல் நிறமாகத் தெறிக்கிற புள்ளியை ஸ்கோப்பிலிருந்து (குறிபார்க்கும் தொலைநோக்கி) கண் எடுக்காமலே பார்க்கலாம். அதற்காகவே எனக்கு அதன் மேல் ரொம்ப நாள் ஆசை இருந்தது.

சப்ரஸர் வாயுவைத் திருப்புவதில்லை, உள்ளேயே அறை அறையாக மடக்கி வேகத்தைக் குறைத்து மெதுவாக விடுகிறது. அதனால் உதையில் பிரேக் அளவுக்கு ஜெயிக்காது. ஆனால் குழல் முனையில் அரை கிலோ எடை கூடுகிறது, தள்ளல் கொஞ்சம் நீண்டு வருகிறது, தோளுக்கு அது மென்மையாகத்தான் படும். 1909-லேயே ஹைரம் பெர்சி மாக்ஸிம் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், புது வித்தை ஒன்றுமில்லை.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன். பிரேக்கிலிருந்து பக்கவாட்டில் வரும் அந்த வெடி! உதையாக வந்திருக்க வேண்டியது சத்தமாகவும் காற்றடியாகவும் நம் முகத்துக்கே திரும்புகிறது. கூரை போட்ட சுடுபயிற்சி ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரருக்கு ஒவ்வொரு சுடலும் கன்னத்தில் அறைகிற மாதிரி. தரையில் படுத்துச் சுட்டால் புழுதி கிளம்பி, அந்த ஸ்கோப் காட்சியே மறைகிறது. ஏற்கெனவே 160 டெசிபலைத் தாண்டுகிற சத்தம், பிரேக் போட்டால் சுடுகிறவரின் காதில் மேலும் சில டெசிபல் ஏறும். தோள் வலிக்காவிட்டாலும் உடம்பு அந்த வெடிக்கே முன்கூட்டிக் கண்ணை மூட ஆரம்பித்துவிடுகிறது, விரல் டிரிக்கரை வெடுக்கென்று இழுக்கிறது. உதை பாதியானதால் என்ன பிரயோசனம்? அந்தி நேரத்தில் காட்டுப்பன்றி புதரை விட்டு வெளியே வந்து நிற்கும்போது காதுக்கவசத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? கவசம் இல்லாமல் பிரேக்கோடு ஒரே ஒரு தடவை சுட்டாலும் செவிக்கு நிரந்தரக் கேடு வரலாம்.

சப்ரஸரிலும் தொல்லை உண்டு. நாலைந்து சுட்டதும் சூடேறி ஸ்கோப் முன்னால் கானல் ஆடும், இலக்கு நெளியும். நீளம் கூடுவதால் மறைவிடத்தின் ஜன்னலில் இடிக்கும். மாட்டினால் குண்டு விழும் இடம் தள்ளிப்போகும், ஸ்கோப்பைத் திருப்பித் திரும்ப ஜீரோ பண்ண (குறியைச் சரிசெய்ய) வேண்டும். ஏஆர் ரைஃபிள் மாதிரி தானே அடுத்த தோட்டா ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவில் வாயு பின்னால் முகத்துக்கு வரும், போல்ட்டும் வேகமாக ஓடி அடிக்கும். சத்தமும் ஒரேயடியாகப் போகாது. சுமார் 30 டெசிபல் இறங்கும், ஒலியின் வேகத்தை மிஞ்சிப் போகிற குண்டின் சடார் அப்படியே இருக்கும். ரேஞ்சில் அதற்கும் கவசம் போடுங்கள்.

என் சப்ரஸர் பிரேக்கின் மேலேயே மாட்டுகிற வகை. இடுக்கில் கார்பன் இறுகி இரண்டும் ஒட்டிக்கொண்டன, போன மாதம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத்தான் கழற்றினேன். நல்ல காசு கறந்துவிட்டார், வெளிப்பூச்சில் கீறலும் போட்டுக் கொடுத்தார். அத்தோடு அந்தப் பிரேக்கை எடுத்து வைத்துவிட்டேன். இப்போது சப்ரஸர் நேரடியாகக் குழல் மரையில் ஏறுகிறது. அவ்வப்போது கையால் முறுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மேக்னம் வைத்துக்கொண்டு திறந்தவெளியில் தனியாகச் சுடுகிறவர் வேண்டுமானால் பிரேக் வாங்கட்டும். .308-க்கு வேண்டவே வேண்டாம், என் பக்கத்து மேசைக்கு வருவதாக இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.